வள்ளி வேஷமும் வரவு செலவும்

பங்குனி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் வட்டாரத்துச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஏறிவிடும். உச்சியில் சாமி படம், அதற்கடியில் ஊர்ப் பொதுமக்கள் பெயரில் அழைப்பு, பிறகு வரிசையாக நடிகர்களின் படங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பெயர், பெயருக்கு முன்னால் ஊர். நாடகம் பெரும்பாலும் வள்ளி திருமணமாகத்தான் இருக்கும். கதைப்படி வள்ளி, தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடும் குறமகள். கல்யாண வயதை எட்டிக்கொண்டிருப்பவள். அந்த வேஷத்துக்கு மேடையேறும் பெண்களில் பலர் பதின்வயதிலேயே அரிதாரம் பூசத் தொடங்கியவர்கள்.

பதின்வயதில் பாடியும் நடித்தும் பேர் வாங்கிய பெண்ணின் தொழில் எதனால் நீள்கிறது, எதனால் முறிகிறது என்ற கேள்வியை எழுப்பினால் உடனே ஹாலிவுட், டிஸ்னி, பாப் இசை என்று பேச்சு போய்விடும். நம்மிடம் அதற்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நாடக மேடை, இசைத்தட்டு, பேசும்படம், பின்னணிக் குரல், தொலைக்காட்சி, யூடியூப் என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இளம்பெண் குரலுக்குத் தேவை இருந்தது. அந்தக் குரலால் வந்த வருமானம் போய்ச் சேர்ந்த இடம்தான் வெவ்வேறு. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவர்களுடைய தொழிலின் போக்கைக் குரல்வளம் எவ்வளவு தீர்மானித்ததோ, அதைவிட அதிகமாக ஒப்பந்தமும் தேதியும் உரிமையும் யார் கையில் இருந்தன என்பது தீர்மானித்திருக்கிறது.

கரிசல் மேடை

வள்ளி திருமணத்துக்கு இன்றும் மேடையில் வழங்கும் பாடத்தை வகுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அவர் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் அனைவரும் சிறுவர்கள். பெண் வேஷத்தையும் சிறுவர்களே கட்டினார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் அந்தச் சிறுவர்களுடைய பெரிய பயம் மகரக்கட்டு உடைவது. குரல் உடைந்த அன்றே ஸ்திரீபார்ட் போய்விடும்; ராஜபார்ட்டுக்குக் குரல் பக்குவப்படுமா என்பது தெரியாது. அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த அவ்வை தி.க. சண்முகம் தன் ‘எனது நாடக வாழ்க்கை’ நூலில் அந்தக் கம்பெனி வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

பெண்ணுக்கு இந்தக் குரல் உடைவு கிடையாது. பதினாறில் ஐந்து கட்டையில் பாடியவள் முப்பதிலும் பாடலாம். ஆனால் அவளுக்கு வேறு உடைவுகள் காத்திருந்தன: கல்யாணம், பிள்ளைப்பேறு, ஊர்ப்பேச்சு. கூத்தாடி என்ற சொல் ஆணைவிடப் பெண்ணின் மேல் கனமாக விழுந்தது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி எழுதிய நூல் 2005இல் வந்தது. நடிகைகள் ஊர்ப்பழிக்குத் தப்ப நாளும் மேற்கொள்ளும் தந்திரங்களை அது நுட்பமாக எடுத்துக்காட்டுகிறது. மறைவான வண்டியில் போவது, மேடைக்குப் பின்னால் கூட்டத்துக்கு முகம் காட்டாமல் உட்கார்வது, துணைக்கு வீட்டு ஆள் வருவது எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும்.

ஸ்பெஷல் நாடகத்தின் பொருளாதார அமைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். இதற்குக் கம்பெனி கிடையாது. ஊர்க்காரர்கள் நாடக ஏஜெண்டைப் பார்ப்பார்கள். ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் அவர் அமர்த்துவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி முன்பணம், தனித்தனி சம்பளம். ஒத்திகை கிடையாது, பலர் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்றிரவு மேடைக்குப் பின்னால்தான். சுவாமிகள் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் நடந்துவிடுகிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தில் பாடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறாள், எதிராளியை எப்படி மடக்குகிறாள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஊர் அவளுக்கு முன்பணம் கொடுக்கும்.

தேதியை அவளே குறித்துக்கொள்கிறாள். கூலியை அவளோ அவள் வீட்டாரோ பேசுகிறார்கள். அந்தத் தேதிப் பட்டியலோ மழையை நம்பி இருக்கிறது. கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் தை, மாசியில் வீடு வந்து, பருத்தியும் வத்தலும் காசானால்தான் பங்குனி, சித்திரையில் தலைக்கட்டு வரி தடையில்லாமல் பிரியும். மழை பொய்த்த வருஷம் சாமிக்குப் பொங்கல் வைப்பதோடு பல ஊர்கள் நின்றுவிடும். வருமானம் அவள் கையிலேயே வந்து சேர்ந்தாலும் அதற்கு நிலைப்பு கிடையாது.

இந்த மேடையிலிருந்து திரைக்கு ஒரு நேர்வழி விளாத்திகுளம் பக்கமாகவே போயிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் வாழ்ந்த ஊர் நாகலாபுரம். மேடைக்கும் இசைத்தட்டுக்கும் பாட்டெழுதிக் குவித்தவர். அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார், கோணங்கியும் ச. தமிழ்ச்செல்வனும் அவருடைய பேரன்மார்தான். சிவகாசிக்காரரான விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் வந்து, வள்ளி விரட்டும் வெள்ளைக் கொக்கை வெள்ளைக்கார ஆட்சியாக்கிப் பாடியது பாஸ்கரதாஸின் பாட்டைத்தான். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அதே வேஷத்தில் மேடையிலேயே விஸ்வநாததாஸின் உயிர் பிரிந்தது. முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகி பாடிய பாட்டுகளும் பாஸ்கரதாஸ் எழுதியவை. அந்த நாயகியைப் பற்றிப் பேசுவதற்கு முன், மேடைக்குரல் எவ்வளவு உயரம் போக முடியும் என்று காட்டிய ஒருவரைப் பார்த்துவிட வேண்டும்.

கொடுமுடிக் குரல்

கே.பி. சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தார். தந்தையில்லாத வறிய குடும்பம். சிறுமியின் பாட்டைக் கேட்டு அவரை நாடகத்துக்குக் கொண்டுவந்தவர், ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப்.ஜி. நடேசய்யர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வேலு நாயர் கம்பெனியில் நல்லதங்காளின் பிள்ளைகளில் ஒருவராகத் தொடங்கி, பதின்வயது முடிவதற்குள் தென்னாட்டிலும் இலங்கையிலும் கூட்டம் சேர்க்கும் நட்சத்திரமானார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டும் குரல். 1926இல் கொழும்பில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார், மறு ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். தமிழ்நாட்டின் முதல் பெரிய நட்சத்திர ஜோடி இது. வள்ளி திருமணம் அந்த ஜோடியின் நாடகமாகவே ஆகிப்போனது.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலையும் திருநீறுமாக வீட்டில் ஒடுங்கிய அவரை மீண்டும் வெளியே கொண்டுவந்தது 1935இல் வந்த ‘நந்தனார்’. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத தொகை. தொகையைவிட முக்கியமானது அவர் ஏற்ற வேடம். ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற முடிவில் இருந்தவர் நந்தனாராகவே நடித்தார். மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியராக வந்தார். அதன்பின் ‘மணிமேகலை’ (1940), ‘ஔவையார்’ (1953). முறையே பறையடியார், துறவி, மூதாட்டி. மூன்றிலும் ஜோடி தேவையில்லை. வள்ளியாகப் பேர் வாங்கிய பெண், வள்ளியின் வயதைக் கடந்தபின் என்ன செய்வது என்பதற்குத் தமிழ்த் திரையில் கிடைத்த முழுமையான விடை இந்த மூன்று வேடங்கள்தான். 1951இல் சட்ட மேலவைக்கும் போனார். 1965இல் ‘திருவிளையாடல்’ வந்தபோதும் அதே குரல், அதே கட்டை.

அவருடைய நீடிப்புக்குத் திறமை மட்டும் காரணம் என்றால் பாதி உண்மைதான் சொன்னதாகும். எந்த வேடம், எவ்வளவு பணம், யாரோடு நடிப்பது என்ற மூன்றையும் 25 வயதுக்குப் பிறகு அவரே முடிவு செய்தார்.

பேசும்படத்தின் பெண்கள்

1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி. 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். பால்ய விவாகம் கசந்து, பதினோரு வயதையொட்டி சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். மேடையில் பத்தாண்டு பழகிய குரல் அப்படியே திரைக்கு வந்தது. காளிதாஸில் அவர் தமிழில் பேச, எதிரில் நாயகன் தெலுங்கில் பேசினார். கதையோடு ஒட்டாத தேசியப் பாட்டுகளும் இருந்தன. பாடும் பெண்ணைத் திரையில் பார்ப்பதே அதிசயமாக இருந்ததால் மொழிக் கலப்பைச் சனங்கள் பொருட்படுத்தவில்லை. 1936இல் தன் கதையைத் தானே தயாரித்து இயக்கி ‘மிஸ் கமலா’ என்று வெளியிட்டார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார்.

கரிசலின் தெற்கு எல்லையைத் தாண்டி, தாமிரவருணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து போன எஸ்.டி. சுப்புலட்சுமி, எம்.கே. தியாகராஜ பாகவதரோடு ‘பவளக்கொடி’யை மேடையில் நடத்தி, 1934இல் அதே நாடகம் படமானபோது நாயகியானார். பாகவதருக்கும் இயக்குநர் கே. சுப்ரமணியத்துக்கும் அதுதான் முதல் படம். பதின்வயதின் இறுதியில் இருந்த அந்த நடிகை சுப்ரமணியத்தை மணந்து, அவரோடு சேர்ந்து சொந்தத் தயாரிப்பில் இறங்கினார். ‘பக்த குசேலா’வில் (1936) குசேலரின் மனைவியாகவும் கிருஷ்ணனாகவும் இரட்டை வேடம் போட்டார். ‘தியாகபூமி’யில் (1939) அவருக்கு மகளாக நடித்த பேபி சரோஜா ‘பாலயோகினி’ (1937) மூலம் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு அறிமுகம். அந்த ஆண்டுகளில் பிறந்த பெண்குழந்தைகளில் எத்தனையோ சரோஜாக்கள் அந்தச் சிறுமியின் பெயரைச் சுமந்தவர்கள். அந்தச் சிறுமியோ வளர்ந்தபின் திரையில் தொடரவில்லை.

மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்தவர். பத்து வயதில் இசைத்தட்டில் குரல் பதிந்தது. ‘சேவாசதனம்’ (1938), ‘சகுந்தலை’ (1940), ‘சாவித்திரி’ (1941), ‘மீரா’ (1945) என்று விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். சாவித்திரியில் நாரதராக நடித்துக் கிடைத்த பணம், அதே ஆண்டில் பிறந்த கல்கி இதழுக்கு மூலதனமானது. 1940இல், கல்கியின் நிறுவனர்களில் ஒருவரான சதாசிவத்தை மணந்தபின் எந்தக் கச்சேரி, எந்த மேடை, எதை விடுவது என்று தீர்மானித்தவர் சதாசிவம். திரையை முற்றாக விட்டுக் கச்சேரி மேடைக்குப் போனதும் அந்தத் திட்டத்தின் பகுதி. கணக்கு வேறொருவர் கையில் இருந்தும் நீண்ட தொழில் என்பதால், என் வாதத்துக்கு எதிராக எம்.எஸ்ஸைக் காட்டலாம். நியாயமான ஆட்சேபம்தான். அந்தத் திட்டம் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. ஆனால் நடிகை எம்.எஸ். முப்பது வயதுக்குள் முடிந்துபோனார் என்பதும் அதே திட்டத்தின் விளைவு. தொழில் நீள்வது ஒன்று, அதன் திசையைத் தானே தேர்வது இன்னொன்று.

பி. பானுமதி இதற்கு நேர்மாறு. 1939இல் ‘வரவிக்ரயம்’ தெலுங்குப் படத்தில் அறிமுகமானபோது அவருக்கு வயது பதின்மூன்று, பதினான்குதான். கதாநாயகன் மகளைத் தொட்டு நடிக்கக்கூடாது என்பது தந்தை போட்ட நிபந்தனை. வளர்ந்தபின் நிபந்தனைகளை பானுமதியே போட்டார். கணவர் ராமகிருஷ்ண ராவுடன் பரணி பிக்சர்ஸ். 1953இல் மூன்று மொழியில் ‘சண்டிராணி’யைத் தானே இயக்கினார். நடித்த படங்களில் தன் பாட்டைத் தானே பாடுவது என்பதைப் பின்னணிக் குரல் கோலோச்சிய காலத்திலும் விடவில்லை. அவர் படப்பிடிப்பில் காட்டிய கண்டிப்பைப் பற்றிய கதைகள் இன்றும் கோடம்பாக்கத்தில் உலவுகின்றன. அதைத் தலைக்கனம் என்று சொன்னவர்கள் உண்டு. பதின்மூன்று வயதில் தந்தை கையிலிருந்த கடிவாளத்தை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டவர் அவர் என்றும் சொல்லலாம்.

குரல் ஒருவருடையது, முகம் ஒருவருடையது

பின்னணிக் குரல் தமிழுக்கு வந்தது 1938இல், ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தில். அதன் முழு வீச்சும் தெரிந்தது 1945இல் அதே செட்டியாரின் ‘ஸ்ரீ வள்ளி’யில். நம் கரிசல் மேடையின் அதே வள்ளி கதை. முருகனாக டி.ஆர். மகாலிங்கம், வள்ளியாகப் பதினாறு வயதையொட்டிய குமாரி ருக்மிணி. மகாலிங்கத்தின் பாட்டு மகாலிங்கத்தின் குரலிலேயே நின்றது. ருக்மிணியின் பாட்டு மட்டும் செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. படமெடுத்தபின் அதை நீக்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். பரண்மேல் நின்று வாயசைப்பது ஒரு பெண். காதில் விழுவது இன்னொரு பெண். மேடையில் எந்த வள்ளிக்கும் இது நேர்ந்ததில்லை, நேரவும் முடியாது.

மூன்று வருஷம் கழித்து ‘ஞானசௌந்தரி’ (1948). சிறுமி ஞானசௌந்தரி தேவமாதாவை நோக்கிப் பாடத் தொடங்குகிறாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வளர்ந்து பெரியவளாகிறாள். சிறுமிக்குப் பாடியவர் பதின்மூன்று வயதைத் தாண்டாத ஜிக்கி. வளர்ந்தவளுக்குப் பாடியவர் பெரியநாயகி. மறைந்து நின்ற இரண்டு குரல்களும் ஒரே பாட்டுக்குள் கைமாறின. ஐந்து வருஷத்துக்கு முன் ‘பந்துலம்மா’வில் குழந்தையாக நடித்தே பாடியவர் ஜிக்கி. அவர் நடிக்கவேண்டிய தேவையே இப்போது இல்லாமல் போனது.

நடிப்பும் பாட்டும் பிரிந்ததில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. தோற்றமும் வயதும் குரலைக் கட்டுப்படுத்தவில்லை. எம்.எஸ். ராஜேஸ்வரி ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) சிறுவன் கமலஹாசனுக்குக் குரல் கொடுத்தார், பெரியவரானபின்னும் அவரால் குழந்தையாகவே பாட முடிந்தது. ஆனால் அதனாலேயே குழந்தைக் குரலுக்குக் குழந்தை தேவைப்படவில்லை. கோரஸில் பதின்வயதில் தொடங்கிய எல்.ஆர். ஈஸ்வரி ‘பாசமலர்’ (1961) வழியாக முன்வரிசைக்கு வந்தார். முகம் தெரியாமலே தமிழ்நாடு முழுவதும் அவர் குரல் பரவியது. கரிசல் ஊர்களில் கொடை தொடங்கிவிட்டது என்று பக்கத்து ஊருக்கு அறிவிப்பதே வேப்பமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவில் ஒலிக்கும் அவருடைய மாரியம்மன் பாட்டுத்தான்.

கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) போட்டியிட்டு நின்ற குரல் எஸ். ஜானகியுடையது. திரையில் தெரிந்தவர் சாவித்திரி. காருக்குறிச்சியாரின் ஊர்க்காரர்கள் பெருமையோடு பேசும் அந்தப் பாட்டில், வித்வானுக்குச் சமமாக ஏறி இறங்கிய இளம்பெண்ணின் முகத்தைப் படம் பார்த்த பெரும்பாலோர் அறியமாட்டார்கள்.

இன்னொரு விடுபடலையும் இங்கே குறிக்க வேண்டும். வறண்ட பூமியின் பெண்கள் பாடாதவர்கள் அல்லர். களை எடுக்கையிலும் நாற்று நடுகையிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடியே வளர்ந்தவர்கள். அந்தக் குரல்கள் திரைக்கு வந்தபோது கொல்லங்குடி கருப்பாயி (‘ஆண்பாவம்’, 1985) நடுவயதைக் கடந்திருந்தார். பரவை முனியம்மா (‘தூள்’, 2003) முதியவர். அவர்களுடைய பதின்வயதுப் பாட்டு காட்டோடு போயிற்று. இளமைக் குரலுக்குச் சினிமா விலை கொடுத்த காலம் முழுவதும், சபா, கம்பெனி, ஸ்டூடியோ ஆகியவற்றின் வாசல் தெரிந்த குடும்பங்களுக்கே அந்த விலை கிடைத்தது.

மீண்டும் ஒன்றான குரலும் முகமும்

தொண்ணூறுகளில் பிரிந்தவை மறுபடி நெருங்கின. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யில் கமலின் மகள் காவேரியாக நடித்த ஷோபனா அதில் பாடவும் செய்தார். படத்தின் பெயரே அவருக்கு முன்னொட்டாகி, மகாநதி ஷோபனா என்று நிலைத்தது. அவர் நடிப்பைத் தொடராமல் கர்நாடக இசைக்கும் பக்திப் பாடல்களுக்கும் போனார். அவர் நடித்த அந்த ஒரு வேடமோ, கடத்திச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்ட பெண்ணுடையது. பாடிய குழந்தையின் பிம்பமும் அந்தக் கதையின் ரணமும் பார்ப்பவர் மனதில் ஒன்றாகவே தங்கின. வசுந்தரா தாஸ், ஆண்ட்ரியா, ‘தேவர் மக’னில் குழந்தையாகப் பாடிய சுருதிஹாசன் ஆகியோர் பாடகியும் நடிகையும் ஒருவரே என்ற பழைய ஏற்பாட்டை நகர நடையில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கரும் அதன் ஜூனியர் பிரிவும் பள்ளிப் பிள்ளைகளின் குரலை வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தன. இதில் தேர்வு பெறுவது குரல் மட்டுமில்லை. அழுகை, குறும்பு, அப்பா அம்மாவின் கண்ணீர் எல்லாம் நிகழ்ச்சிக்குள் வரும். இந்த வழியில் வந்தவர்களில் சிவாங்கியின் பாதை தெளிவானது. 2000இல் பிறந்தவர்; பெற்றோர் இருவரும் கர்நாடக இசைக் கலைஞர்கள். சிறுமியாக ‘பசங்க’ (2009) படத்தில் பாடினார். 2019இல் சூப்பர் சிங்கரில் கலந்துகொண்டார். அவரை வீட்டுப் பெண்ணாக்கியது பாட்டல்ல, சமையல் நிகழ்ச்சியான குக்கு வித் கோமாளி. அதிலிருந்து 2022இல் ‘டான்’ படம். மேடைக்கால மொழியில் சொன்னால் ஸ்திரீபார்ட்டுக்கு வந்தவர் பபூன் பக்கம் போய்ப் பேர் வாங்கியிருக்கிறார். அழகுக்கும் ஜோடிக்கும் வெளியே ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்பதால் இது நல்ல மாற்றம்.

யூடியூப் காலத்தின் உதாரணம் பாடகி தீ. 1998இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். 2013இல் பள்ளி வயதிலேயே திரைப்பாட்டு, 2018இல் ‘மாரி 2’, 2021இல் ராப் பாடகர் அறிவுடன் ‘எஞ்சாயி எஞ்சாமி’. உலகமெங்கும் கேட்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருவாய் ஏதும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே சொன்னார். கோடிக்கணக்கில் பார்வைகள் ஏறியதற்கும் பாடியவர் கைக்குக் காசு வந்ததற்கும் தொடர்பு இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1926இல் கொழும்பில் வள்ளி வேஷம் கட்டிய பெண்ணுக்கு அன்றிரவுச் சம்பளம் இவ்வளவு என்றாவது தெரிந்திருந்தது.

உலகப் புகழ் பெற்றவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2005இல் பதினைந்து வயதில் முதல் ஒப்பந்தம் போட்டார். அந்த ஒப்பந்தத்தில் பதிவான ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு உரிமை 2019இல் அவரைக் கேட்காமலே கைமாறியது. 2021 முதல் பழைய பாட்டுகளை அவரே மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 2025இல்தான் மூலப்பதிவுகளை விலைகொடுத்து மீட்டார். பதினாறு வயதில் புகழ் பெற்ற பிரிட்னி ஸ்பியர்ஸின் பணமும் வாழ்வும் 2008 முதல் 2021 வரை நீதிமன்றம் அமைத்த காப்பாட்சியில் இருந்தன. அதில் பெரும்பாலான காலம் பொறுப்பில் இருந்தவர் அவருடைய தந்தை. பானுமதியின் தந்தை போட்ட நிபந்தனைக்கும் இதற்கும் தூரம் அதிகம். இருந்தாலும் பிள்ளை சம்பாதிக்கும் வீட்டில் பெற்றவர் யார், மேலாளர் யார் என்ற குழப்பம் இரண்டிலும் ஒன்றே.

தீப்பெட்டி ஆபீசும் ஸ்டூடியோவும்

இந்தக் கேள்வியைக் கரிசலில் நின்று கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. சிறுமியின் விரலுக்குக் கூலி என்ன என்று நெடுங்காலம் கணக்குப் போட்ட பூமி இது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபின், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி முழுக்கத் தொழில் பரவியது. மழையில்லாத ஊருக்கு அது சோறு போட்டது. பெண்குழந்தைகளின் பள்ளிக்கூடத்தையும் பறித்தது. விடியுமுன் ஊர் ஊராகப் பஸ் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போகும். கட்டை எனப்படும் மரச்சட்டத்தில் குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்டச் சின்ன விரல்தான் தோது என்றார்கள். இத்தனை கட்டை அடுக்கினால் இவ்வளவு என்று கூலி. அதை வாங்குவது வீட்டார். 1990இல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த நாள்களைப் பதிவு செய்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளிகள், இயக்கங்கள், பிற்பாடு வந்த இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து அந்த நிலைமையைப் பெருமளவு மாற்றின.

அதே சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது பதினான்கு வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தத் தடை வந்தது. குடும்பத் தொழிலில் உதவுவதும், திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதும் விலக்கு. அந்த விலக்குக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் நிபந்தனை வைத்தன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணியைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. விருப்பமில்லாத பிள்ளையை நடிக்க வைக்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வயது வந்தபின் அவரிடமே சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தை நடிகர் ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைப் பெற்றோர் செலவழித்துவிட்ட வழக்கின் விளைவாக, கலிபோர்னியா 1939இல் கொண்டுவந்த சட்டத்தின் வழிவந்த யோசனை இது. அங்கே இன்று அந்த விகிதம் 15 விழுக்காடு.

காகிதத்தில் நம் விதி அதைவிடத் தாராளம். ஆனால் அது பதினான்கோடு நின்றுவிடுகிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளவரைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்று வகுத்து, ஆபத்தான தொழில்களில் மட்டும் தடுக்கிறது. பாட்டும் நடிப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. மேலே பார்த்த பெயர்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். சுந்தராம்பாளும் ருக்மிணியும் தீயும் பேர் வாங்கத் தொடங்கியது பெரும்பாலும் பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில்தான். ஒப்பந்தங்கள் நீண்டகாலக் கட்டாக மாறுவதும் அந்த வயதில்தான். சொந்தமாக ஒப்பந்தம் போட இந்தியச் சட்டப்படி அவர்களுக்கு வயது போதாது, பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். வைப்புத்தொகைப் பாதுகாப்புக்கோ அவர்களுக்கு வயது அதிகமாகிவிட்டது.

2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் பாடகருக்கும் தன் பாட்டின் வணிகப் பயனில் பங்கு உண்டு என்று ஏற்றது. மறு ஆண்டு பாடகர் உரிமைச் சங்கமும் உருவானது. நல்ல முன்னேற்றம், ஆனால் திரைக்குப் பாடும் ஒரு பதினாறு வயதுப் பெண், இந்தப் பங்கு தனக்கு உண்டென்று தெரிந்தே ஒலிக்கூடத்துக்குள் நுழைகிறாளா என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தின் இளம் ஸ்திரீபார்ட்டுக்கு அதுவும் எட்டாது. அவளுடைய ஆட்டத்தை ஊர் இளைஞர்கள் செல்போனில் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். அந்தச் சேனலுக்கு வரும் காசில் அவளுக்குப் பங்கு தர யாருக்கும் தோன்றுவதில்லை.

எஞ்சுவது என்ன

நூறாண்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் திரள்கின்றன. முதலாவது, இளம்பெண் குரலுக்கான தேவை எந்தக் கட்டத்திலும் குறைந்ததில்லை; குறைந்தது அந்தக் குரலுக்குரியவளின் பேரம்தான். மேடையில் நேரில் பேசிய கூலி, இசைத்தட்டிலும் படத்திலும் முதலாளியின் ஒப்பந்தமாகி, இன்று தளங்களின் கண்ணுக்குத் தெரியாத கணக்காக விலகிப் போயிருக்கிறது. இரண்டாவது, பதின்வயதைத் தாண்டியும் நடிகையாக நின்றவர்கள் ஜோடி வேடத்துக்கு வெளியே தமக்கென ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டவர்கள். சுந்தராம்பாளின் ஔவை, பானுமதியின் இயக்கம், ராஜலட்சுமியின் சொந்தப் படம், சிவாங்கியின் நகைச்சுவை எல்லாம் அந்த வகை. மூன்றாவது, சட்டத்தின் பாதுகாப்பு முடிகிற வயதில்தான் இவர்களின் தொழில் தொடங்குகிறது.

பரிகாரம் பெரிய புரட்சி கேட்கவில்லை. 20 விழுக்காட்டு வைப்பு விதியைப் பதினெட்டு வயதுவரை நீட்டலாம். வயது வராதபோது பெற்றோர் இட்ட கையெழுத்தை, பதினெட்டு நிறைந்ததும் மறுபரிசீலனை செய்யும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று ஊருக்கு ஊர் இருக்கும் நாடக நடிகர் சங்கங்கள், முன்பணத்தோடு ஒளிப்பதிவுக்கும் ஒரு தொகையைச் சேர்த்துப் பேசலாம். கட்டை அடுக்கிய விரல்களைப் பள்ளிக்கூடம் அனுப்ப இந்த வட்டாரத்துக்குக் காலம் பிடித்தது. கூலியை வீட்டார் வாங்கிக்கொள்வதுதான் இயல்பு என்ற நினைப்பு மாறியபின்தான் அது கைகூடியது. பாடும் பிள்ளையின் விஷயத்தில் அந்த நினைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. பிள்ளை பாட்டுக்குக் கைதட்டும்போதே அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் பெற்றோருக்கும் ஊருக்கும் வந்தாக வேண்டும்.